தம்பிக்கு ஊறிய பால்

உங்களில் பலருக்கு எனக்கொரு தம்பி இருந்தது தெரியாது. நாலாம் ஆண்டில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவளே போன மாதம் ஒரு கலியாண வீட்டில், “நீ தனிப்புள்ளதானே, உனக்கென்ன கவலை கா” என்றாள். நான் மறுக்கவில்லை. பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் மறுத்தால் அவளுக்கும் சங்கடம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுது என்று நீங்கள் கேட்டு நாளாகிறது. கடல் வந்த வருஷத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அலையின் உயரத்தை எழுதுகிறார்கள், இரைச்சலை எழுதுகிறார்கள். அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எனக்கு அந்த வருஷத்தில் மிச்சமாய் நிற்பது பொறாமை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

நாம் வாய்ப்பாடு சொன்ன நீள மண்டபம் நினைவிருக்கும். வாவிப் பக்கம் ஜன்னல் வைத்தது. மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் ரீச்சரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அந்த மார்கழியில் உங்களில் சிலர் கோயிலில் தஞ்சமாய் இருந்தீர்கள், சிலர் வாவிக்கு அக்கரையில் சொந்தக்காரர் வீடுகளில். எங்களுக்கு அந்த மண்டபத்தில்தான் இடம் கிடைத்தது, பின்சுவரில் கரும்பலகைக்குக் கீழே. அதில் தவணைப் பரீட்சைக்கு முன் எழுதிய வகுத்தல் கணக்கு அழியாமல் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அப்பா வாவியில் வலை போடுகிறவர். அம்மா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டைக்கூட நான் உரத்து வாசிப்பேன். அம்மா மீனை வெட்டிக்கொண்டே கேட்பாள். தம்பி பிறந்த பிறகு அவனும் கேட்டான். அம்மாவின் பழைய சேலையில் கட்டிய ஏணைக்குள் கிடப்பான். நான் விளிம்பை விலக்கி வாசிக்கத் தொடங்கினால் சிரிப்பான். மரண அறிவித்தல் வாசித்தாலும் சிரிப்பான். அவன் மேல் எனக்குப் பொறாமை இருந்ததே இல்லை. அவன் என் ஆள்.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று காலை அப்பா தோணிக்குக் கீல் பூச வாவிக்கரைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அம்மாவும் தம்பியும் வீட்டில். தண்ணீர் கடல் பக்கமிருந்து வந்து எங்கள் வளவுக்கு மேலால் போய் வாவியில் விழுந்தது. அம்மா மரமுந்திரிகை மரமொன்றைப் பிடித்தாள். அதற்கு ஒரு கை வேண்டியிருந்தது. மற்றக் கையில் தம்பி இருந்தான். அந்தக் கையைப் பற்றி அம்மா இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த நாள் அப்பா அவனை வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் கண்டெடுத்தார். புதைக்கப் போனபோது அம்மாவையும் என்னையும் கூட்டிப் போகவில்லை. நாங்கள் பார்க்க வேண்டாமாம்.

அப்பாவின் அக்கா, என் மாமி, அக்கரையிலிருந்து தோணியில் வந்து சேர்ந்தாள். கையில் ஈரத்துணிப் பொட்டலம். உணவு என்று நினைத்து நான் ஓடினேன். மல்லிகைப்பூ. தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூவை நெஞ்சில் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள், பால் வற்றிப்போகும் என்று. அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. யாரோ கொடுத்த சட்டை முன்பக்கம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து விறைத்திருந்தது. மாமி பூவைக் கட்டினாள். மாலைக்குள் அவ்வளவும் பழுப்பாகிவிட்டது. வாடிய பூவும் புளித்த பாலும் கலந்த அந்த மணம் என்னை விட்டுப் போகவில்லை. கோயிலில் பழைய மல்லிகைச் சரம் கிடந்தால் இன்றும் தள்ளித்தான் நிற்பேன்.

மண்டபத்தின் வாசல் பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள் சில இருந்தன. போரை நிறுத்திச் சமாதானம் என்று பேச்சில் சொல்லிக்கொண்டார்களே, அந்தக் காலம். சாதாரண நாளில் அவர்கள் ஊருக்குள் போகும் நம் ஆட்கள் பொழுது சாய முன் திரும்பிவிடுவார்கள். அவர்களும் அப்படித்தான். கடல் வந்த அன்று யார் எந்தப் பக்கம் ஓடினோம் என்று யாருக்கும் தெரியாது. வாவியை நோக்கி ஓடியவர்கள் எல்லாரும் அந்த மண்டபத்தில் வந்து நின்றோம். அவர்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை ஓயாமல் கத்தியது. தாய் இல்லை, தண்ணீர் கொண்டுபோய்விட்டது. தகப்பன் கட்டாரில் வேலை. தாயின் தங்கை, குமர்ப் பெண், போத்தலோடு அல்லாடிக்கொண்டிருந்தாள். பிள்ளை போத்தலைத் துப்பித் துப்பிக் கத்தியது. நான் அவளைச் சாச்சி என்றே எழுதுகிறேன். பிற்பாடு நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மாமி புதுப் பூவை விரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கத்தல் வந்த ஒவ்வொரு முறையும் அம்மாவின் சட்டை நனைவதை நான் பார்த்தேன். தம்பி போன பிறகு வாய் திறக்காதிருந்த அம்மா, “அத இஞ்ச கொண்டு வரச் சொல்லு” என்றாள்.

சாச்சி வந்து நின்றாள். முக்காடு நழுவியிருந்தது. “அக்கா, இவ போத்தல்ல குடிக்கிறாவே இல்ல. ராத்தாட புள்ள. ராத்தா அண்டைக்கு…”

மாமி எட்டி அவள் வாயைப் பொத்திவிட்டாள். “ஒண்டும் சொல்லாத மகள். கேட்டா இவ அழுவா. அழுத பால் புள்ளைக்கு ஆகாது, மாந்தம் வந்திரும்.” பிறகு அம்மாவிடம் திரும்பினாள். “இஞ்ச பார் மச்சாள். குடுக்கிறண்டா அழப்படாது. அழுறண்டா குடுக்கப்படாது. ரெண்டில ஒண்டு.”

அம்மா தன் கையாலேயே கட்டை அவிழ்த்தாள். பழுப்புப் பூக்கள் பாயில் கொட்டின. பிள்ளை கவ்விக்கொண்ட வேகத்தில் அம்மா ஒருமுறை பல்லைக் கடித்தாள். அவ்வளவுதான். மண்டபமே அமைதியாகிவிட்டது. யாரோ ஒரு கிழவர், “அப்பாடா” என்றார்.

அம்மா இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

மாமி என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள். “தம்பிட பேர எடுக்கப்படாது. அம்மாக்கு முன்னால மூஞ்சியத் தொங்கப்போடவும் படாது. விளங்கிச்சா?”

“அப்ப நான் எங்க அழுற?”

“நீ ஏன் அழோணும்? உனக்கு அம்மா இரிக்கா தானே.”

மாமி கெட்டவள் இல்லை. அக்கரையிலிருந்து தினமும் எங்களுக்காகத் துடுப்புப் போட்டு வந்தவள். தாயைப் பறிகொடுத்த பிள்ளைதான் அழலாம், மற்றப் பிள்ளைகளுக்கு அழக் காரணமில்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அன்று அந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

சில நாளில் முஸ்லிம் குடும்பங்கள் அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறின. பிள்ளை அதோடு போய்விடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். போகவில்லை. காலையும் மாலையும் சாச்சி வந்தாள். ஆமிக்காரர் மறிக்கும் சென்றியடி வரைக்கும் ஓட்டோ, அதற்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நடை. அவள் வரும் நேரத்தை அம்மாவின் நெஞ்சே சொல்லிவிடும். குடை தெரியுமுன் சட்டை நனைந்துவிடும். எனக்காக அம்மாவின் உடம்பு இப்படி ஏதாவது செய்ததா என்று நான் யோசித்துப் பார்த்தேன். நினைவில் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குப் பால் ஊற வேண்டும் என்று எல்லோரும் கவனித்தார்கள். மீனை யாரும் வாயில் வைக்காத நாட்கள் அவை, வாவி மீனைக்கூட. அப்பா வலையே இல்லாமல் கரையில் குந்தியிருப்பார். ஆனால் அம்மாவுக்கு முருங்கை இலைச் சுண்டல் வந்தது, சுட்ட உள்ளி வந்தது, எங்கிருந்தோ ஒரு கோழி முட்டை வந்தது. எனக்குப் பருப்பும் சோறும். நிவாரண லொறியின் அறிவித்தல்களை மண்டபத்துக்கே வாசித்துச் சொல்கிறவள் நான். ‘கெட்டிக்காரி’ என்று தலையைத் தடவுவார்கள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “புள்ள குடிச்சாவா?” என்று கேட்பார்கள். புள்ள என்றால் அவள். நான் அறிவித்தல் வாசிக்கிறவள்.

அவளை நான் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். சப்பை மூக்கு. தலையில் பொடுகு. குடிக்கும்போது பன்றிக்குட்டி மாதிரிச் சத்தம். தம்பி இவ்வளவு சத்தம் போட்டுக் குடித்ததில்லை. ஆனால் அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டும், அழுதால் மாந்தம் வருமே. வாய் மட்டும் சிரிக்கிற சிரிப்பு அது என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது பற்கள்தான்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. மண்டபத்தில் நம் ஆள் ஒருவர், வாயில் வெற்றிலையோடு, “எங்கட பால அவங்கட புள்ளைக்கோ? ஊருக்குள்ள வேற புள்ளையள் இல்லயோ?” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை. “உனக்கு வேணுமெண்டா நீயும் வந்து வரிசையில நில்லன்.”

பெண்கள் பகுதி முழுதும் சிரிப்பில் உடைந்தது. அவர் வெற்றிலையைத் துப்ப எழுந்து வெளியே போனார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஆள் சொன்னது சரி என்று பட்டது.

கொழும்பிலிருந்து ஓர் அக்கா வந்து சிறுவர்களை மாமரத்தடியில் இருத்திக் கதை கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கலாம். வட்டமாக இருந்தோம். ஒவ்வொருவராக எதை இழந்தோம் என்று சொல்ல வேண்டும். உங்களில் ஒருத்தி இறந்துபோன தன் அக்காவைச் சொல்லி அழுதாள். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அவள் மேலும் பொறாமை வந்தது. என் முறை வந்தபோது மாமி குழாயடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “புத்தகப் பை” என்றேன். அடுத்த நாள் எனக்குப் புதுப் புத்தகப் பை கிடைத்தது. நீலப் பை, இரண்டு பக்கமும் சிப். நீங்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்களே, அதுதான்.

அந்தப் பிள்ளை இப்போது பேராதனையில் படிக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவள் பெறுபேறு வந்த அன்று அம்மா, “என்ட ரெண்டும் கம்பஸ் போயிட்டுது” என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். பெருநாளுக்கு வட்டலப்பத்தோடு வந்து அம்மாவின் கட்டிலில் உரிமையோடு காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தக் கட்டிலில் அவள் படுத்தால் எனக்கு இன்றும் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து வந்த நாளுக்கு வருகிறேன். முதலாளி கடவுச்சீட்டைக் கொடுக்கச் சுணக்கியதால் அவர் வந்து சேரத் தை கடைசியாகிவிட்டது. அன்று மாலை சாச்சியோடு ஓட்டோவில் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், அழுது வீங்கிய கண். கையில் பேரீச்சம்பழமும் பால்மா டின்களும். அம்மா வழக்கம்போல இரண்டு வாங்குகளுக்கு நடுவே கட்டிய சேலை மறைப்புக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மறைப்புக்கு வெளியே, விறாந்தையில் ஒரு வாங்கில் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். சேலையின் ஓரத்தில் மாமியும் சாச்சியும். எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

“தங்கச்சி,” என்றார் அவர், தென்னைகளைப் பார்த்தபடி. “என்ன சொல்ற எண்டு எனக்குத் தெரியல்ல. அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வெக்க மாட்டான்.”

உள்ளே இருந்து பிள்ளை குடிக்கும் சத்தம் மட்டும்.

“எங்கட மார்க்கத்தில பால் குடுத்தவ உம்மாதான். உங்கட புள்ளையள் இவக்குக் கூடப்பொறந்த ஆக்கள் மாதிரி. நாளைக்கு இவங்களுக்குள்ள கலியாணம் கட்டவும் ஏலா.”

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மகன், நாங்க எங்க உங்கட புள்ளையப் பொண்ணு கேக்கப் போறம்?”

“சிரிக்க வேணாம் உம்மா. இது முறை. தெரிஞ்சி வெக்கோணும் எண்டு பள்ளியில சொன்னாங்க. அதுதான் கேக்கிறன். தங்கச்சிக்கு ஆம்பிளப் புள்ளையள் இரிக்காங்களா?”

இத்தனை வாரங்களில் யாரும் கேட்காத கேள்வி. சாச்சி தலை குனிந்தாள். மாமி அவசரமாகச் சொன்னாள். “இல்ல இல்ல. ஆம்பிளப் புள்ள ஒண்டும் இல்ல. இந்தா நிக்கிறாளே, இவ ஒருத்திதான்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப நீங்கதான் ராத்தா. இவ உங்கட தங்கச்சி.”

அவனைப் பற்றிப் பேசக்கூடாது என்றார்கள், பேசாமல் இருந்தேன். இப்போது அவன் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். யாருக்காக? சேலைக்கு உள்ளே சத்தம் எழக் குடித்துக்கொண்டிருக்கும் அவளுக்காக.

“பொய்,” என்றேன். “எனக்குத் தங்கச்சி இல்ல. தம்பிதான். அது அவன்ட பால்.”

மாமி கையை ஓங்கினாள். அது என் முதுகில் விழுமுன் சேலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகு அது நீண்டது. அம்மா அழுதாள்.

“புள்ளைய எடு! குடிக்க விடாத, புள்ளைய எடு!” என்று மாமி உள்ளே பாய்ந்தாள். சாச்சியும் பாய்ந்தாள். பிள்ளையைப் பிரிக்க முடியவில்லை. அது விடவில்லை. “விடு மச்சாள்,” என்றாள் அம்மா. “குடிக்கட்டும். என்னால இனி ஏலா.” கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிப் பிள்ளையின் நெற்றியில் சொட்டியது. அது கண்ணை ஒருமுறை இறுக்கி மூடிவிட்டுத் தொடர்ந்து குடித்தது. மாந்தமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

வாப்பா எழுந்து நின்றிருந்தார். “நீ எனக்குச் சொல்லவே இல்லயே புள்ள,” என்றார் சாச்சியிடம்.

“சொல்லப்படாது எண்டாங்க மச்சான். இவ அழுதா ஆகாதாம்.”

அவர் மறுபடி வாங்கில் அமர்ந்தார். கொஞ்ச நேரம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார். “அவர்ட பேரென்ன மகள்?”

பெயரைச் சொன்னேன். சொல்லி நாளாகிவிட்டதால் நாக்குத் தடுக்கியது. அவர் அதைத் தன் வாயில் வைத்து மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “அப்ப அவர் இவக்கு நானா, உங்கட பேச்சில அண்ணன்,” என்றார். “இவக்கு முந்தி அந்தப் பாலக் குடிச்சவர், மூத்தவர். நான் சொல்லி வளப்பன்.”

அவனிலும் அவளுக்குப் பங்கு கிடைத்துவிட்டது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் உள்ளே அம்மா பேசத் தொடங்கியிருந்தாள். அவன் பிறந்த அன்று மழை பெய்ததையும், காதில் முடியோடு பிறந்ததையும், பத்திரிகை வாசித்தால் சிரிப்பதையும். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாமல், சேலையைப் பார்த்துச் சொன்னாள். சாச்சி அம்மாவின் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். “ராத்தா அண்டைக்கு இடியப்பம் அவிச்சிட்டு இருந்தவ,” என்றாள். “என்னப் போய்த் தேங்காய் வாங்கிட்டு வரச் சொன்னவ. நான் வாங்கிட்டு வந்தன்.” அவ்வளவு நாளும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் வைத்து அழுதார்கள்.

கதவை உடைத்தது நான். உள்ளே போனது அவர்கள். நான் சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. மாமி சொன்னதுதான் உண்மையோ, எனக்கு அழக் காரணமில்லையோ என்று பயமாக இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். சேலையின் இடைவெளியில் என்னைக் கண்டாள். கடல் வந்த பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீ ஏன் அங்க நிக்கிறாய்?” என்றாள். “இஞ்ச வா. நீ இன்னும் அழல்லயே என்ட மகள்.”

அவள் பிள்ளையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பிடியை விடுவித்தாள். பாதி வயிறுதான் நிறைந்திருக்கும். அப்படியே சாச்சியின் கையில் கொடுத்துவிட்டு, மடியைத் தட்டிக் காட்டினாள். நான் அந்த மடிக்குப் பெரியவள். கால்கள் இரண்டும் பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகத்தை அம்மாவின் ஈரச் சட்டையில் வைத்ததுதான் தெரியும், அழுகை எங்கிருந்தோ வந்துவிட்டது. தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி, மண்டபமே திரும்பிப் பார்க்க, அழுதேன்.

சாச்சியின் தோளில் அவள் வீரிட்டாள். முகம் சிவந்து, கையைக் காலை அடித்து, அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

“பாவம், பசியாறல்ல புள்ளைக்கு,” என்றாள் மாமி.

அம்மா என்னை அணைத்த கையை எடுக்கவில்லை. நானும் மடியை விட்டு இறங்கவில்லை. அழட்டும்.